ஐயரை ஏத்திக்கிட்டுப் போன அடுப்பு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையில அருப்புக்கோட்டையில ஐயரைக் கார்ல ஏத்தணும். பதினோரு மணிக்குள்ள பரளச்சி கோயில் வாசல்ல எறக்கணும். அம்புட்டுத்தான்.

ஐயருன்னதும் வேற யாரோன்னு நெனச்சுக்கிறாதீக. எங்க சபையில பாஸ்டரை ஐயருன்னும், சர்ச்சைக் கோயிலுன்னும்தான் சொல்லுவோம். என் மச்சினி பியூலாவுக்கு அன்னைக்குக் கல்யாணம். பொண்ணு ரெடி, மாப்பிள்ளை ரெடி, கறிச்சோத்துக்கு அண்டா ஏத்தியாச்சு. ஐயர் வந்து ஜெபம் பண்ணுனாத்தான் கல்யாணம். அவுக வரலேன்னா வெறும் சாப்பாடுதான்.

"ஏன்யா, அருப்புக்கோட்டையில இருந்து பரளச்சிக்கு பஸ்ஸு இல்லையா?"ன்னு கேப்பீக.

இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. எங்க மாமனாரும் அதைத்தான் சொன்னாக. நாந்தான் கேக்கலை.

இது எண்பதுகளோட கடைசியில நடந்தது. அப்ப எனக்கு அருப்புக்கோட்டையில மோட்டாருக்கு காயில் கட்டுற கடை. கெணத்து மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னா எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாக. நானும் கருகிப்போன செம்புக் கம்பியை உருவிட்டு, புதுக் கம்பி சுத்தி, மேல காட்டன் டேப்பு கட்டி, வார்னிஷ் அடிச்சுக் குடுப்பேன். சுத்துப்பட்டுல எனக்கு நல்ல பேரு. நான் கெட்டதே அந்தப் பேராலதான்.

கையில நாலு காசு சேரவும் கார் ஆசை வந்துருச்சு. கொடைக்கானல்ல ஒரு எஸ்டேட்காரரு பழைய காரைத் தள்ளிவிடுறாருன்னு கேள்விப்பட்டு, போயி வாங்கிட்டேன். பச்சைக் கலரு. நான் உள்ள உக்காந்து ஹாரனை அமுக்கி அமுக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன், அவரோட டிரைவரு ஜன்னல் பக்கம் வந்து குனிஞ்சாரு.

"சார், உள்ள ஹீட்டர் குமிழ்ல ஒரு கம்பி கட்டியிருக்கேன். அதை மட்டும் அவுத்துடாதீங்க."

"சரி சரி"ன்னேன். மறுபடியும் ஹாரன் அடிச்சேன். ஹாரன் நல்லா இருந்துச்சு.

மலையில இருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியலை. கீழ எறங்குனதும்தான் தெரிஞ்சுச்சு, காலுக்கிட்ட இருந்து அனலா அடிக்கிது!

குளிரு ஊர்ல ஓடுற காருக்குள்ள ஒரு டப்பா வச்சிருப்பாங்க. எஞ்சின்ல கொதிக்கிற தண்ணி ஒரு ரப்பர் ஓஸ் வழியா அந்த டப்பாவுக்குள்ள வரும், உள்ள சுத்தும், இன்னொரு ஓஸ் வழியா எஞ்சினுக்கே திரும்பிப் போயிரும். டப்பாவுக்குப் பின்னால ஒரு குட்டி ஃபேன் இருக்கும். அது அந்தச் சூட்டை வாங்கி நம்ம கால் மேல ஊதும். அதுதான் ஹீட்டரு.

கொடைக்கானலுக்குச் சரி. எங்க ஊருக்கு? எங்க ஊர்ல சித்திரை மாசம் கோழியே நிக்கிற லாரிக்கு அடியில போயிப் படுத்துக்கும். அங்க போயி காலுக்கு ஹீட்டரு!

கம்பியை அவுத்துப் பாத்தேன். குமிழைத் திருகுனேன். குமிழு கையோட வந்துருச்சு. அனலு மட்டும் நிக்கலை.

மொத மொத அந்த முன் சீட்ல உக்காந்தது எங்க மாமனாரு. அவுகளுக்குப் பரளச்சியில கரிசக்காடு, பருத்தியும் கம்பும் போடுவாக. கோவக்காரரு கெடையாது. ஆனா ஒரு சொல்லு சொல்லுவாக பாருங்க, ஒரு வாரத்துக்குக் குத்தும். மார்க்கெட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஏத்திட்டு வந்தேன். கொஞ்ச தூரத்துல செருப்பைக் கழட்டுனாக. அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டுனாக. அதுக்கப்புறம் ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல சம்மணம் போட்டுட்டாக.

"என்ன மாமா, சௌகரியமா இருக்கா?"ன்னேன்.

"சௌகரியத்துக்கு என்ன மாப்ள! இன்னும் ரெண்டு மைலு ஓட்டுங்க, கால் சூப்பு ரெடியாயிரும்"னாக.

அன்னையில இருந்து மாமனாரு வீட்டுல என் காருக்குப் பேரு 'அடுப்பு'.

கல்யாணப் பேச்சு வந்துச்சு. ஐயரை யாரு கூட்டிட்டு வாரதுன்னு கேட்டாக. நான் எந்திரிச்சு, "நான் கார்ல கூட்டிட்டு வாரேன்"ன்னேன்.

மாமனாரு மெதுவா வெத்தலையை மடிச்சாக. "வேண்டாம் மாப்ள. ஐயர் பஸ்ஸுலயே வரட்டும். நாம அவுகளைக் கூப்புடுறது கல்யாணத்துக்கு. வேக வைக்கிறதுக்கு இல்லை."

வீடே சிரிச்சுச்சு. என் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் சேந்து சிரிச்சா. மத்தவுக சிரிச்சதைக் கூடப் பொறுத்துக்கிட்டேன், இவ சிரிச்சது எனக்குத் தாங்கலை.

"மாமா! அந்த ஹீட்டரைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஐயரை ஜில்லுன்னு கொண்டாந்து எறக்குறேன். ஒரு நிமிசம் லேட்டானாலும் என்னைய இந்த வீட்டு மாப்பிள்ளைன்னு சொல்லாதீக!"

"சொல்ல மாட்டேன்"னாக. கொஞ்சமும் யோசிக்காமச் சொன்னாக.

கல்யாணத்துக்கு மொத நாள் காலையில வேலையை ஆரம்பிச்சேன். ஸ்டெல்லா வந்து பக்கத்துல நின்னா.

"ஏங்க, காஜாண்ணன் பட்டறையில விட்டா என்ன? அவரு கார் மெக்கானிக்குல்ல?"

"மோட்டாருக்கே காயில் கட்டுறவனுக்கு காரு என்ன பெரிய கம்பசூத்திரமா?"

"அது கரண்டுல ஓடுறது. இது பெட்ரோல்ல ஓடுறது."

"ரெண்டும் சுத்துதுல்ல?"ன்னேன்.

அவ உள்ள போயிட்டா. அதுலயாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

டப்பாவைக் கழட்டுனேன். அதுக்குள்ள இருந்த துருத் தண்ணியெல்லாம் என் மடியில கொட்டுச்சு. போகட்டும், கழண்டு வந்துருச்சு! இப்ப எஞ்சின் பக்கம் ரெண்டு குழாய் வாயைத் தெறந்துக்கிட்டு நிக்கிது. ஒண்ணு தண்ணி வெளிய வாரது, இன்னொண்ணு தண்ணி உள்ள போறது. ரெண்டையும் ஒரு ஓஸால வளைச்சு இணைச்சுட்டா வேலை முடிஞ்சுச்சு. தண்ணி வரும், அப்படியே திரும்பிப் போயிரும்.

பழைய ஓஸைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கிருச்சு. கடையில போயி புது ஓஸ் கேட்டேன். "இந்தச் சைசு மதுரையிலதாண்ணே கெடைக்கும்"னாங்க. மதுரை போயிட்டு வந்தா அன்னைய பொழுது போயிரும்.

எங்க ஊர்ல சைக்கிள் டியூப்பால ஆகாத வேலை கெடையாது. குழாய் ஒழுகுனா டியூப்பு. மம்பட்டிக் காம்பு ஆடுனா டியூப்பு. கட்டில் கால் ஆடுனா அதுக்கும் டியூப்பு. அதனால நானும் ஒரு டியூப்பை வெட்டி, ரெண்டு வாயிலயும் சொருகி, அதுக்கு மேல காயிலுக்குச் சுத்துற காட்டன் டேப்பை இழுத்து இழுத்துச் சுத்தி, மேல ரெண்டு கோட்டு வார்னிஷும் அடிச்சேன். பளபளன்னு இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், என் வாழ்நாள்ல நான் போட்ட அழகான கட்டு அதுதான்.

தெருவை ரெண்டு சுத்து சுத்துனேன். ஒரு சொட்டு ஒழுகலை. கால்ல அனலும் இல்லை. எனக்குத் தலைகால் புரியலை.

சாயங்காலம் தெருவுல சத்தம் கேட்டுச்சு. "பழைய இரும்பு, பித்தளை, செம்புக்குப் பேரீச்சம்பழேய்...!"

ஹீட்டர் டப்பாவைத் தூக்கிட்டுப் போனேன். உள்ள செம்பும் பித்தளையுமா இருந்துச்சு. அவன் தூக்கிப் பாத்துட்டு முழுசா ஒரு கிலோ பழம் குடுத்தான். ஸ்டெல்லா அந்தப் பொட்டலத்தோட சாயங்கால பஸ்ஸுல பரளச்சிக்குக் கெளம்பிட்டா.

"வெறுங்கையோட போகாம அப்பாவுக்கு இதையாவது குடுப்பேன். நாளைக்கு நேரத்துக்கு வந்துருங்க"ன்னா.

"ஐயரோட வாரேன் பாரு"ன்னேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு ஐயர் ஏறுனாக. ஆறடி ஆளு, நல்ல தொந்தி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டு. கையில ஒரு சூட்கேஸ். அதுக்குள்ள கல்யாணத்துக்குப் போடுற அங்கி, ரிஜிஸ்டர் புத்தகம்.

"தம்பி, உங்க கார்ல கால் சுடும்னு உங்க மாமனாரு சொன்னாரே?"

"அதைக் கழட்டிட்டேன் ஐயரே. இப்ப சும்மா குளுகுளுன்னு இருக்கும் பாருங்க."

ஐயர் காலை நல்லா நீட்டி உக்காந்தாக. எனக்குப் பெருமை தாங்கலை. ஊரைத் தாண்டுனதும் ஒரு மிதி மிதிச்சேன்.

டாஷ்போர்டுல ஒரு மீட்டரு இருந்துச்சு. முள்ளு ஏறிக்கிட்டே போச்சு. நானும் பாத்தேன். பாத்து சந்தோசப்பட்டேன்! ஏன்னா என் கடையில இருக்குறது வோல்ட் மீட்டரு. எங்க ஊர்ல எப்பவும் லோ வோல்டேஜு. முள்ளு ஏறுனா நல்ல கரண்டு வந்துருச்சுன்னு அர்த்தம். இருபது வருசமா முள்ளு ஏறுனா சிரிச்சுப் பழகுனவன் நான். இது எஞ்சின் சூட்டைக் காட்டுற மீட்டருன்னு தெரியாம அன்னைக்கும் சிரிச்சேன்.

முள்ளு கடைசி வரைக்கும் போயி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

"நல்லா இழுக்குது ஐயரே வண்டி"ன்னேன்.

ஐயர் ரோட்டையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தாக. "ஏன் தம்பி, முன்னால மூட்டமா இருக்கே? மழை வருதோ?"

"நம்ம ஊர்லயா? சித்திரையிலயா?"ன்னு கேக்கும்போதே பானட்டுக்குள்ள இருந்து புஸ்ஸுன்னு ஆவி! ரோடே தெரியலை. எம்.ரெட்டியபட்டிக்குக் கிட்ட ஓரங்கட்டி நிறுத்துனேன்.

பானட்டைத் தெறந்தா ரேடியேட்டரு கொதிக்குது. பாதித் தண்ணி ஆவியாப் போயிருச்சு. என் டியூப்பு மட்டும் அசையலை, கட்டு கட்டாவே இருக்கு. "பாத்தீகளா ஐயரே, நம்ம கட்டு நிக்கிது!"ன்னேன். அவுக கடிகாரத்தைப் பாத்தாக.

அந்த நேரம் பாத்து பின்னால பஸ்ஸு வந்துச்சு. பரளச்சி பஸ்ஸு! உள்ள பூராம் கல்யாணத்துக்குப் போற நம்ம ஆளுக. டிரைவரு வேகத்தைக் கொறைச்சாரு. ஜன்னல்ல பத்துத் தலை.

"அட, ஐயரு! ஐயரே, வந்து ஏறிக்கோங்க! எடம் போட்டுத் தாரோம்!"

ஐயர் சூட்கேஸை எடுக்கக் குனிஞ்சாக. நான் குறுக்க விழுந்தேன்.

"வேண்டாம் வேண்டாம்! நீங்க போங்கப்பா! அஞ்சு நிமிசத்துல உங்களையே முந்திருவேன்!"

பஸ்ஸு போயிருச்சு. ஐயர் குனிஞ்ச எடத்துல இருந்து நிமிந்து என்னையப் பாத்தாக. திட்டலை. திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

சரி, தண்ணி வேணும். வாளியோட ஊருக்குள்ள ஓடுனேன். குழாயடியில அம்பது குடம் வரிசையில நிக்கிது. குழாய்ல தண்ணி இல்லை. குடத்துக்குப் பக்கத்துல ஒரு அக்கா உக்காந்திருந்தாக.

"அக்கா, காருக்கு ஒரு குடம் தண்ணி வேணும்க்கா."

அவுக என்னைய ஏற இறங்கப் பாத்தாக. "காருக்கா? நல்ல தண்ணியா?"

"எந்தத் தண்ணியா இருந்தாலும் சரிக்கா. உப்புத் தண்ணி கூடப் போதும்."

"உப்புத் தண்ணிக் கெணத்துல தவளையே இல்லை. நல்ல தண்ணி நேத்து லாரியில வந்தது, வீட்டுக்கு நாலு குடம். எம் புள்ளைக்கே அளந்து ஊத்துறேன். உங்க காரு ஒரு நாளு குடிக்கலேன்னா செத்தா போயிரும்?"

"கல்யாணம்க்கா... ஐயர் நிக்கிறாக..."

"அவுகளுக்குக் குடிக்கத் தாரேன், வரச் சொல்லுங்க. காருக்குன்னு கேட்டு இங்க நிக்காதீக, மத்த பொம்பளைக வந்தா ஒதைப்பாக."

நியாயந்தானே? காலி வாளியோட திரும்பி வந்தேன். மணி பத்தே முக்கால். மாமனாரோட மொகம் கண்ணு முன்னால வந்துச்சு. அது வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

திரும்பி வந்தா ஐயர் ரோட்டோரம் ஒரு ஓலைப் பந்தலுக்குள்ள நின்னு மோர் குடிச்சுக்கிட்டிருக்காக. ஊரு இளவட்டங்க போட்ட நீர்மோர்ப் பந்தலு. பெரிய பானையில மோரு. பெருங்காயம், கறிவேப்பிலை, கடுகு, மஞ்சத்தூள் எல்லாம் போட்டுத் தாளிச்சு, ஐஸ் கட்டியும் மிதக்குது. பந்தல்ல மோர் ஊத்துறவரு என் காரைப் பாத்துட்டுக் கேட்டாரு.

"வண்டிக்கு என்னண்ணே?"

"சூடுப்பா."

"அட! சூட்டுக்கு மோரை விட வேற என்னண்ணே மருந்து?"

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மொதல்ல. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. மோர்ல முக்கால்வாசி என்ன? தண்ணிதானே! அதுவும் ஐஸ் தண்ணி!

ஐயரைப் பாத்தேன். அவுக ரெண்டாவது டம்ளர்ல இருந்தாக. "எனக்கு இப்பத்தான் தம்பி உடம்பு குளுந்துச்சு"னாக. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"ஒரு வாளி ஊத்துப்பா!"ன்னேன்.

"கறிவேப்பிலையை வடிகட்டித் தரட்டுமாண்ணே?"

"நேரம் இல்லைப்பா, அப்படியே குடு!"

துண்டை வச்சு ரேடியேட்டர் மூடியைத் தெறந்து, எஞ்சினை ஓட விட்டு, மெதுவா ஊத்துனேன். கடகடன்னு குடிச்சுச்சு. ஆவி நின்னுச்சு! மூடியைப் போட்டு முறுக்குனேன். பந்தல்ல இருந்த நாலு பேரும் கை தட்டுனாங்க. "பாத்தீகளாண்ணே, மோருன்னா மோருதான்!"

நான் சீட்ல போயி உக்காந்து ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன். ஐயர் கையில டம்ளரோட பானட்டுக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டிருந்தாக.

"தம்பி, உள்ள ஏதோ பொம்முதே?"

"என்னது ஐயரே?"

"கருப்பா... வளைஞ்சு... நல்லா பொம்முது தம்பி. எலியை முழுங்குன சாரைப்பாம்பு மாதிரி இருக்கு."

கறிவேப்பிலை எங்கயோ போயி அடைச்சிருக்கு. மோருக்குப் போக வழியில்லை. அது என் சைக்கிள் டியூப்புக்குள்ள வந்து சேருது. நான் அதை யோசிக்காம, "சும்மா தொட்டுப் பாருங்க ஐயரே, கட்டு ஸ்ட்ராங்கு!"ன்னு சொல்லிக்கிட்டே இன்னொரு மிதி மிதிச்சேன்.

டமார்!

எஞ்சினும் நின்னுருச்சு.

எறங்கிப் பாத்தேன். ஐயர் அதே எடத்துல நின்னாக. தலையில இருந்து தொந்தி வரைக்கும் மஞ்ச மஞ்சேர்னு மோரு. மீசையில கடுகு. நல்லவேளை, ஐஸ் மோருங்கறதால வெதுவெதுப்பாத்தான் இருந்திருக்கு, ஒரு கொப்புளம் இல்லை. கையில டம்ளரை மட்டும் விடலை. அது நெறைஞ்சிருந்துச்சு.

"ஐயரே..."ன்னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஐயர் உதட்டை நக்கிப் பாத்தாக. "உப்புக் கொஞ்சம் தூக்கல் தம்பி"ன்னாக.

மணி பதினொண்ணேகால். மாப்பிள்ளைப் பதவி போயி பதினஞ்சு நிமிசம் ஆச்சு. இனி பியூலா கல்யாணமாவது நடக்கணும்.

அப்பத்தான் அந்தக் கூத்து நடந்துச்சு. தூரத்துல ஒரு ஹாரன். தண்ணி லாரி! ஒரு லாரி நெறைய நல்ல தண்ணி, நான் ஒரு வாளிக்கு நாயாப் பேயா அலைஞ்ச தண்ணி, மோரு வெடிச்ச பத்தாவது நிமிசம் ஆடி அசைஞ்சு வருது! ரோட்டு நடுவுல போயி ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன்.

டிரைவரு எட்டிப் பாத்தாரு. "பரளச்சி வழியாத்தான் போறேன். ஆனா லோடு அதுக்கு அங்கிட்டு இருக்குற ஊருக்கு. பரளச்சிக்கு நாளைக்குத்தான் முறை. நடுவுல எங்கயும் நிக்க மாட்டேன், கோயில்கிட்ட மெதுவாப் போறேன், குதிச்சுருங்க." அப்புறம் ஐயரைப் பாத்தாரு. "இவுகளுக்கு என்னாச்சு?"

"மோரு"ன்னேன்.

அவரு கதவைத் தெறந்து விட்டாரு.

ஐயர் முன்னால உக்காந்தாக. எனக்கு எடமில்லை. டேங்க்கு மேல ஏறி, அங்கி சூட்கேஸை நெஞ்சோட கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். வெயிலு மண்டையப் பொளக்குது. என் குண்டிக்கு அடியில நூத்துக்கணக்கான குடம் தண்ணி.

பரளச்சி எல்லையில நுழையும்போது மணி பன்னெண்டு ஆகப் போகுது. கோயில் வாசல்ல மாமனாரு பட்டு வேட்டியில நிக்கிறாக. பஸ்ஸுல வந்தவுக எல்லாத்தையும் சொல்லியிருப்பாகன்னு மொகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

டிரைவரு பழக்க தோசத்துல ஹாரனை அடிச்சுட்டாரு.

"தண்ணி லாரீய்ய்ய்!"

யாரு கத்துனான்னு தெரியலை. கோயிலு ரெண்டு நிமிசத்துல காலி! பாட்டுக் குழுவுல இருந்த பொம்பளைக பாட்டுப் புத்தகத்தை வச்சுட்டு ஓடுறாக. பட்டுச் சேலைக ஓடுது. வீட்டுக்கு வீடு குடம் பறக்குது. மாப்பிள்ளை வீட்டு ஆளுக திருச்சுழிக்காரவுக, அவுகளும் பழக்கத்துல வரிசையில நின்னுட்டாக. ஜன்னல்ல இருந்து கல்யாணப் பொண்ணு பியூலா கத்துறா: "அம்மா! சமையக்கட்டுல இருக்குற பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கோ!"

"ஏத்தா, இது உங்க முறை இல்லைத்தா! நாளைக்குத்தான்!"ன்னு டிரைவரு கெஞ்சுறாரு. கேக்க ஆளில்லை. லாரிக்கு முன்னால குடத்தை அடுக்கி ரோட்டை மறிச்சுட்டாக. கடைசியில அவரும் தோத்துப் போயி, "சரி, அவுகளுக்கு நாளைக்கு ஊத்திக்கிறேன்"னு குழாயைத் தெறந்து விட்டுட்டாரு.

உள்ள மாப்பிள்ளைப் பையன் கோட்டு சூட்டோட தனியா நின்னான். பாவம், கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனும் வந்து வருங்கால மாமியாருக்கு ரெண்டு குடம் தூக்கிக் குடுத்தான். வேர்த்து ஒழுகுச்சு.

மொதக் குடம் ஐயருக்குத்தான் ஊத்துனாக. மூஞ்சியைக் கழுவி, மஞ்சச் சட்டைக்கு மேல வெள்ளை அங்கியை மாட்டுனாக. பாத்தா ஒண்ணுமே தெரியலை. வாசம்தான் தெரிஞ்சுச்சு. உடன்படிக்கை சொல்ல வைக்கும்போது பியூலா ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சுனா. கோயில் பூராம் பெருங்காய வாசம். பின் பெஞ்சுல யாரோ, "இன்னைக்குச் சாப்பாட்டுல மோர்க்குழம்பும் உண்டு போல"ன்னாக.

ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட ஐயர் குனிஞ்சாக. காதுக்குப் பின்னால இருந்து ஒரு கறிவேப்பிலை பொத்துன்னு புத்தகத்து மேல விழுந்துச்சு. மாமனாரு அதை ரெண்டு விரலால எடுத்து, திருப்பிப் பாத்து, அப்புறம் என்னையப் பாத்தாக. நான் மேல ஃபேனைப் பாத்தேன்.

எப்படியோ கல்யாணம் நடந்துருச்சு. பந்தியில மாமனாருக்கு எதுக்க நான் உக்காந்தேன். ஓடுறதுக்கு வழியில்லை.

"ஒரு மணி நேரம் லேட்டு மாப்ள"ன்னாக.

"ஆமா மாமா."

"ஒரு நிமிசம் லேட்டானா மாப்பிள்ளைன்னு சொல்லக் கூடாதுன்னீக."

"ஆமா மாமா."

அவுக கொஞ்ச நேரம் மென்னாக. "ஆனா ஒரு நாளைக்கு முந்தியே ஊருக்குத் தண்ணி கொண்டாந்துட்டீக. வந்த சாதிசனம் பூராம் கை கழுவ வேணும்ல? போகட்டும், ரெண்டுக்கும் கழிச்சுக்குவோம்."

எனக்கு உசுரு வந்துச்சு. மாமனாரு எலையில கடைசியா இருந்ததை எடுத்து வாயில போட்டாக.

"ஸ்டெல்லா கொண்டாந்த இந்தப் பேரீச்சம்பழம் ரொம்ப நல்லா இருக்கு மாப்ள. உங்களுக்கு இப்படி ஏதாவது வாங்குறதுல சாமர்த்தியம் இருக்கு. எங்க வாங்குனீக?"

"தெருவுல வந்துச்சு மாமா"ன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து காரை காஜாண்ணன் பட்டறையில விட்டேன். அவரு ரேடியேட்டர் மூடியைத் தெறந்தாரு. மூக்கைப் பொத்துனாரு. மறுபடியும் தெறந்தாரு.

"ஏப்பா, வண்டிக்கு யாரு தாளிச்சுக் கொட்டுனது?"

சொன்னேன். உக்காந்து சிரிச்சாரு. எந்திரிச்சு வேலை பாத்தாரு. திரும்பவும் உக்காந்து சிரிச்சாரு. கறிவேப்பிலையை ஒவ்வொண்ணா இடுக்கி வச்சு உருவி எடுத்து, தகரத்து மேல காயப் போட்டாரு. அப்புறம் ரேடியேட்டரைக் கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சதும் அவரு மொகம் மாறிருச்சு.

"இது மோரால வந்த அடைப்பு இல்லையே. பழைய துரு. பாதிக்கு மேல அடைச்சுக் கெடக்கு. இதை வச்சுக்கிட்டு இந்த வண்டி பத்து மைலு கூட ஓடாதே? இம்புட்டு நாளு எப்படிப்பா கொதிக்காம ஓட்டுன?"

"தெரியலைண்ணே. நல்லாத்தான் ஓடுச்சு. உள்ள ஒரு ஹீட்டரு இருந்துச்சு, கொடைக்கானல் டிரைவரு அதைக் கம்பி போட்டுக் கட்டி வச்சிருந்தாரு. எந்நேரமும் கால்ல அனலு. அதைக் கழட்டுன மறுநாள்தான்..."

காஜாண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "அட கிறுக்கா! அந்த டப்பாவும் ஒரு குட்டி ரேடியேட்டருதான்யா! பெருசு பாக்க முடியாத வேலையை அந்தச் சிறுசுதான் பாத்துக்கிட்டிருந்திருக்கு. எஞ்சின் சூட்டை எடுத்து எடுத்து உங்காலு வழியா வெளிய தள்ளியிருக்கு. அந்த டிரைவரு விவரமான ஆளு, தெரிஞ்சுதான் கட்டி வச்சிருக்கான். உன் எஞ்சினைக் குளுர வச்சதே அந்த ஹீட்டருதான்!"

அவுத்துடாதீங்கன்னு கொடைக்கானல் டிரைவரு சொன்னது அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு. ஹாரன் சத்தத்துல அன்னைக்குக் கேக்கலை.

"சரி விடு"ன்னாரு காஜாண்ணன். "ரேடியேட்டரையும் கழுவி, அதையும் பழையபடி மாட்டித் தாரேன். அது இல்லாம இந்த வண்டி நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது. அந்த ஹீட்டரைக் கொண்டா. எங்க வச்சிருக்க?"

"சாப்புட்டுட்டோம்ணே"ன்னேன்.